கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லையா? ஃபைல்களை இழக்காமல் ஹார்ட் டிஸ்க்கைச் சோதிக்கும் வழி

பவர் பட்டனை அழுத்துகிறீர்கள். ஃபேன் ஓடுகிறது, கம்பெனி சின்னம் வந்து போகிறது, பிறகு கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி: ‘நோ பூட்டபிள் டிவைஸ்’. சில மெஷின்களில் ‘ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்’ என்று வரும். ஹெச்பி லேப்டாப் என்றால் கூடவே ‘3எஃப்0’ என்ற எண்ணும் இருக்கும். உடனே ஒரு பென் டிரைவை எடுத்து விண்டோஸை மறுபடி போட்டுவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பழுதைச் சரிசெய்யப் போய் ஃபைலைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர். டிஸ்க்கிலிருந்து படிப்பது முதல் வேலை. அதில் எழுதுவது எதுவானாலும், விண்டோஸ் ரிப்பேர் உட்பட, கடைசி வேலை. கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்.

இது விண்டோஸ் 10, 11 ஓடும் லேப்டாப், டெஸ்க்டாப் இரண்டுக்கும் பொருந்தும். திரையே எரியவில்லை, சின்னம்கூட வரவில்லை என்றால் பிரச்சினை பெரும்பாலும் ரேம், பவர் சப்ளை, மதர்போர்டு பக்கம் இருக்கும். அது வேறு கதை.

1. முதலில் சத்தத்தைக் கேளுங்கள்

சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள மெஷின் என்றால், கேபினெட் பக்கத்தில் காதை வைத்து ஒரு முறை ஆன் செய்யுங்கள். நல்ல டிஸ்க் மெல்லிய ரீங்காரத்துடன் வேகமெடுக்கும், இரண்டு மூன்று சிறு ‘டிக்’ சத்தம் வரும், பிறகு ஒரே சீராக ஓடும். கெட்டுப்போன டிஸ்க்கில் ‘டக்… டக்… டக்…’ என்று ஒரே இடைவெளியில் அடிக்கும். சில நொடிகளில் சுழற்சி நின்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். படிக்கும் ஹெட் தன் தடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது என்று அதற்கு அர்த்தம். ஒவ்வொரு முயற்சியிலும், ஃபைல்கள் பதிந்திருக்கும் தட்டில் கீறல் விழ வாய்ப்பு இருக்கிறது.

இந்தச் சத்தம் கேட்டால் உடனே கரண்டை எடுத்துவிடுங்கள். ‘இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்’ வேண்டாம். உள்ளே இருக்கும் ஃபைல்கள் முக்கியம் என்றால் நேராக 8-ஆம் படிக்குப் போங்கள். முக்கியமில்லை என்றால் 7-ஆம் படி.

இந்த நிலையில் பலர் சொல்லும் நான்கு வைத்தியங்களைச் செய்யவே கூடாது. டிஸ்க்கை ஃப்ரீசரில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் ஈரம் படியும், அந்த ஈரம் தட்டிலும் இருக்கும். கையால் தட்டாதீர்கள், மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். ஹெட் தட்டின் மேல் மிதக்கும் இடைவெளியைவிட ஒரு தூசு பல மடங்கு பெரியது. அதே மாடலின் பச்சை போர்டை மாற்றிப் போடுவதும் இன்றைய டிஸ்க்குகளில் எடுபடாது. அந்தந்த டிஸ்க்குக்கான அளவீடுகள் போர்டில் உள்ள ஒரு சிப்பில் எழுதப்பட்டிருக்கும். அந்தச் சிப்பையும் கூடவே மாற்றாமல் புது போர்டு வேலை செய்யாது.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சத்தமே இருக்காது. அது பெரும்பாலும் முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு நாள் காணாமல் போகும்.

2. கழற்ற வேண்டியதைக் கழற்றுங்கள், தேதியைப் பாருங்கள்

பென் டிரைவ், மெமரி கார்டு, வெளி ஹார்ட் டிஸ்க், பிரின்டர் கேபிள் எல்லாவற்றையும் உருவிவிட்டு ஆன் செய்யுங்கள். பாட்டுப் போட்ட பென் டிரைவ் ஒன்று செருகியபடியே இருந்து, மெஷின் அதிலிருந்து பூட் ஆகப் பார்த்து நிற்பது அடிக்கடி நடக்கும் விஷயம். செலவு எதுவும் இல்லை, ஒரு நிமிடம் போதும்.

அடுத்து பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அமைப்புத் திரை; திறக்கும் பட்டன்கள் 3-ஆம் படியில்) போய்த் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் காட்டினால் மதர்போர்டில் உள்ள காசு போன்ற பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் அது சிஆர்2032, 3 வோல்ட். வாட்ச் கடையில் 30 முதல் 60 ரூபாய்க்குள் கிடைக்கும். சில லேப்டாப்களில் இது ஒயரோடு வரும், அதே வகைதான் வாங்க வேண்டும். இந்தப் பேட்டரிக்கும் பூட் ஆகாததற்கும் தொடர்பு உண்டு. பேட்டரி தீர்ந்தால் சில மதர்போர்டுகளில் பயாஸ் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும். விண்டோஸ் போட்டபோது பயாஸில் டிஸ்க்கோடு பேசும் முறை ‘ஏஹெச்சிஐ’ என்று இருந்து, இப்போது ‘ரெய்டு’ என்று மாறியிருந்தால், நல்ல டிஸ்க்கும் ‘இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்’ என்ற நீலத்திரையில் நிற்கும். அமைப்பைப் பழையபடி மாற்றினால் போதும், டிஸ்க்கில் கோளாறே இல்லை.

3. பயாஸ் உங்கள் டிஸ்க்கைப் பார்க்கிறதா?

இதுதான் வழி பிரியும் இடம். ஆன் செய்த நொடியிலிருந்து விடாமல் தட்ட வேண்டிய பட்டன்கள் இவை. டெல்லில் எஃப்2. ஹெச்பியில் எஸ்கேப், பிறகு எஃப்10. லெனோவோ ஐடியாபேடில் எஃப்2, திங்க்பேடில் எஃப்1. ஏசர், ஏசுஸ் லேப்டாப்களில் எஃப்2. அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் என்றால் பெரும்பாலும் டெலிட். பூட் மெனு மட்டும் வேண்டுமானால் டெல், லெனோவோ, கிகாபைட்டில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, எம்எஸ்ஐயில் எஃப்11, ஏசுஸ் மதர்போர்டில் எஃப்8.

உள்ளே போனதும் எதையும் மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துவிடுங்கள். பிறகு ஸ்டோரேஜ் பகுதியில் டிஸ்க்கின் மாடல் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள்.

மாடல் பெயரே இல்லை என்றால் கேபிள், போர்ட் அல்லது டிஸ்க் செத்துவிட்டது: 4-ஆம் படி.

பெயர் இருக்கிறது, அளவும் சரியாகக் காட்டுகிறது, ஆனால் பூட் வரிசையில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ இல்லை அல்லது கீழே போயிருக்கிறது என்றால், அதை மேலே நகர்த்திச் சேமித்துப் பாருங்கள். யூஈஎஃப்ஐ (புதியது), லெகசி (பழையது) என்ற இரண்டு பூட் முறைகளில் எது முன்பு இருந்ததோ அதுவே இருக்க வேண்டும். ஜிபிடி என்ற புதிய முறையில் பகுதி பிரித்த டிஸ்க் உள்ள மெஷினை லெகசிக்கு மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாது.

பெயர் இருக்கிறது, ஆனால் அளவு தப்பாகவோ பூஜ்யமாகவோ காட்டுகிறது, அல்லது ஒரு முறை வந்து மறுமுறை வரவில்லை என்றால் டிஸ்க் சாகும் தறுவாயில் இருக்கிறது. தானாகத் தெரிகிற வரைக்கும் ஆன், ஆஃப் செய்துகொண்டே இருக்காதீர்கள்.

டிஸ்க்கைச் சங்கேதமாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். விண்டோஸ் 11 வந்த பல லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், உரிமையாளருக்கே தெரிந்திருக்காது. பயாஸில் கை வைத்தாலோ, டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினாலோ 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதியில் அந்தச் சாவி இருக்கிறதா என்று இப்போதே பார்த்து ஒரு தாளில் எழுதிவையுங்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால் ஐடி பிரிவிடம் இருக்கும். சாவி இல்லாவிட்டால், டிஸ்க் நன்றாகவே இருந்தாலும் எந்த லேபும் ஃபைலை எடுத்துத் தர முடியாது.

4. கேபிளை மாற்றுங்கள்

பிளக்கை உருவிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். லேப்டாப் என்றால் பேட்டரி இணைப்பையும் கழற்ற வேண்டும்.

டெஸ்க்டாப்பில் டிஸ்க்குக்கு இரண்டு இணைப்புகள்: 7 பின் உள்ள மெல்லிய சாட்டா டேட்டா கேபிள், 15 பின் உள்ள அகலமான பவர் கேபிள். இரண்டின் வாயும் ‘எல்’ வடிவத்தில் இருக்கும், தலைகீழாகப் போகாது. டேட்டா கேபிளின் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் நாக்கு விரிசல் விட்டிருக்கும், அல்லது பொன்னிறத் தகடுகளில் கறுப்புப் படிந்திருக்கும். புதுக் கேபிள் 50 முதல் 150 ரூபாய். மதர்போர்டில் வேறு சாட்டா போர்ட்டில் மாட்டுங்கள், பவருக்கும் வேறு இணைப்பைக் கொடுங்கள். ‘வரவே இல்லை’ என்ற டிஸ்க்குகளில் கணிசமானவை இந்த 150 ரூபாய்க்குள் எழுந்து உட்காரும்.

பல லேப்டாப்களில் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைப்பது பட்டையான ஒரு ஃபிளெக்ஸ் கேபிள். மடிந்து மடிந்து அது அறுந்துபோவதும் உண்டு. தெரிந்துகொள்ள எளிய வழி, டிஸ்க்கை வெளியே எடுத்து யூஎஸ்பி-சாட்டா கேபிளில் மாட்டி வேறு கம்ப்யூட்டரில் போடுவது. அங்கே படித்தால் குற்றவாளி பெரும்பாலும் ஃபிளெக்ஸ் கேபிள்தான். யூஎஸ்பி-சாட்டா கேபிள் 300 முதல் 700 ரூபாய்; சென்னையில் ரிச்சி தெருவில் கேட்டால் கிடைக்கும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். லேப்டாப்பின் 2.5 இன்ச் டிஸ்க்குக்கு யூஎஸ்பி தரும் 5 வோல்ட் போதும். டெஸ்க்டாப்பின் 3.5 இன்ச் டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் வேண்டும், அடாப்டரோடு வரும் கேபிளை வாங்கினால்தான் சுழலும். அடாப்டர் இல்லாத கேபிளில் மாட்டிவிட்டு டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள்.

வேறு மெஷினில் மாட்டியதும் விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கலாம்: ‘இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யவா?’ கேன்சல் கொடுங்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட் ‘இனிஷியலைஸ்’ செய்யச் சொன்னாலும் கேன்சல்தான்.

சாட்டா எஸ்எஸ்டி திடீரென்று மறைந்துவிட்டால் இதைச் செய்து பார்க்கலாம். டேட்டா கேபிளைக் கழற்றி, பவர் மட்டும் கொடுத்து 20 நிமிடம் விடுங்கள். அணைத்து அரை நிமிடம் கழித்து மறுபடி அப்படியே 20 நிமிடம். திடீர் கரண்ட் கட்டால் உள் அட்டவணை குலைந்த எஸ்எஸ்டிகள் சில சமயம் இதில் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும்.

5. டிஸ்க்கின் உடல்நிலை

விண்டோஸ் இல்லாமலே சோதிக்கலாம். ஹெச்பியில் ஆன் செய்ததும் எஃப்2, டெல்லில் எஃப்12 அழுத்தி டயக்னாஸ்டிக்ஸ். இரண்டிலும் குறுகிய சோதனையை மட்டும் ஓட்டுங்கள், சில நிமிடத்தில் முடியும். நீண்ட சோதனை முழு டிஸ்க்கையும் படிக்கும், மணிக்கணக்கில் ஆகும். ஃபைலை எடுப்பதற்கு முன் நோயாளியை மாரத்தான் ஓடவிடக் கூடாது. தோற்றால் ஹெச்பி 24 இலக்க ஃபெயிலியர் ஐடி ஒன்றைக் காட்டும், டெல் ‘2000-0142’ போன்ற எண்ணைக் காட்டும். திரையைப் படம் எடுங்கள். வாரன்ட்டிக்கு அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

வேறு கம்ப்யூட்டரில் மாட்டியிருந்தால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். சுழலும் டிஸ்க்கில் பார்க்க வேண்டியது நான்கே வரிகள். 05 என்பது, கெட்டுப்போனதால் மாற்று இடம் ஒதுக்கிய செக்டர்களின் (டிஸ்க்கில் எழுதும் சிறு கட்டங்களின்) எண்ணிக்கை. சி5 என்பது, படிக்க முடியாமல் காத்திருப்பவை. சி6 என்பது, கைவிடப்பட்டவை. இம்மூன்றின் கடைசி நிரலும் பூஜ்யமாக இருக்க வேண்டும். சி5 ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க் இனி நம்பிக்கைக்குரியது அல்ல, உடனே ஃபைலை எடுங்கள். நான்காவது சி7. இது மட்டும் ஏறி மற்ற மூன்றும் பூஜ்யமாக இருந்தால் டிஸ்க் நல்லது, கேபிள்தான் மோசம். அந்த நிரல் பதினாறடிமான எண்ணில் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கே 10 என்று இருந்தால் 16 என்று பொருள்.

மேலே ‘குட்’ என்று நீல நிறத்தில் வந்தாலும் அந்த ஒரு சொல்லை மட்டும் நம்பாதீர்கள். ஹெட் பழுதை இந்த எண்கள் முன்கூட்டிச் சொல்வதில்லை.

6. ஃபைல்களை எடுங்கள்

டிஸ்க் தெரிகிறது என்றால் எதற்கும் முன்னால் இதுதான். வேறு கம்ப்யூட்டர் இல்லையென்றால் 8 ஜிபி பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டு, நிறுவாமல் நேரடியாக ஓட்டலாம். நண்பரின் மெஷினில் ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் அந்தப் பென் டிரைவைத் தயார் செய்ய அரை மணி நேரம் ஆகும். பழைய டிஸ்க்கைத் திறந்து, வெளி டிஸ்க்குக்கு நகல் எடுங்கள்.

முழு யூசர் ஃபோல்டரையும் பிடித்து இழுக்காதீர்கள். நடுவில் ஒரு கெட்ட ஃபைல் வந்தால் மொத்தமும் தொங்கிவிடும். முதலில் சிறிய முக்கியமான ஆவணங்கள், அடுத்து படங்கள், கடைசியில் வீடியோ. எல்லோரும் மறக்கும் இடங்கள் டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாகுமென்ட்ஸுக்குள் இருக்கும் அவுட்லுக் மெயில் ஃபைல்கள். கடைக்காரர்கள், ஆடிட்டர்கள் டேலியின் ‘டேட்டா’ ஃபோல்டரைத் தேடி எடுங்கள். அது உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டரில் இருக்காது, பெரும்பாலும் பப்ளிக் ஃபோல்டருக்குள்ளோ டேலி போட்ட இடத்திலோ இருக்கும்.

நகல் அடிக்கடி நின்றுபோனால் ஃபைல் ஃபைலாக எடுப்பதை நிறுத்திவிட்டு, டிடிரெஸ்க்யூ என்ற லினக்ஸ் கருவியால் முழு டிஸ்க்கையும் இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். சுலபமாகப் படிக்கும் பகுதிகளை முதல் சுற்றில் அள்ளிக்கொண்டு, சிரமமான பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். அதன் அருமையே அதுதான். ‘மேப் ஃபைல்’ ஒன்றில் கணக்கு வைத்திருப்பதால், நடுவில் நிறுத்திவிட்டு அடுத்த நாள் தொடரலாம். ஆனால் அந்த மேப் ஃபைலை மூன்றாவது இடத்தில், இன்னொரு பென் டிரைவில் வையுங்கள். லைவ் லினக்ஸுக்குள்ளேயே வைத்தால் ரீஸ்டார்ட் ஆனதும் போய்விடும். புது டிஸ்க் பழையதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும், அதில் உள்ளதெல்லாம் அழியும். கட்டளையில் முதலில் வருவது பழைய டிஸ்க், இரண்டாவது புதியது, மூன்றாவது மேப் ஃபைல். முதல் இரண்டும் இடம் மாறினால் வெற்று டிஸ்க் உங்கள் ஃபைல்களின் மேல் எழுதப்படும், திரும்ப வராது. என்டர் தட்டுமுன் இரண்டின் சீரியல் எண்ணையும் ஸ்டிக்கரோடு ஒப்பிட்டு வாய்விட்டுப் படியுங்கள்.

நேரக் கணக்கு: நல்ல நிலையில் உள்ள 1 டிபி டிஸ்க், நொடிக்கு 100 எம்பி வேகத்தில், சுமார் 2 மணி 45 நிமிடம். பழைய யூஎஸ்பி 2.0 போர்ட்டில் மாட்டினால் அதுவே 8 முதல் 9 மணி நேரம். ஆகவே நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டில் மாட்டுங்கள். கெட்ட செக்டர்கள் இருந்தால் நாள்கணக்கில் ஓடும். கையில் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் மேஜை ஃபேனைத் திருப்பி வையுங்கள்.

ஃபைல்கள் வெளியே வந்த பிறகு, 5-ஆம் படியில் பார்த்த 05, சி5, சி6 மூன்றும் பூஜ்யமாக இருந்தால் மட்டும் விண்டோஸ் ரிப்பேருக்குப் போகலாம். விண்டோஸ் பென் டிரைவில் பூட் செய்து ‘ஸ்டார்ட்டப் ரிப்பேர்’ ஓட்டுங்கள். அது தோற்றால் கமாண்ட் பிராம்ப்டில் ‘பிசிடிபூட்’ கட்டளை பூட் ஃபைல்களைப் புதிதாக எழுதும். அங்கே விண்டோஸ் இருக்கும் பகுதி ‘சி’ ஆக இல்லாமல் ‘டி’ அல்லது ‘ஈ’ ஆக இருக்கலாம். அங்கேயே டிஸ்க்பார்ட் என்ற கருவியில் பகுதிகளின் பட்டியலைப் பார்த்துவிட்டு எழுத்தைக் கொடுங்கள். கெட்ட செக்டரைத் தேடிச் சரிசெய்யும் செக்டிஸ்க், நோயுற்ற டிஸ்க்கைப் பல மணி நேரம் குடைந்து அதில் எழுதவும் செய்யும். நகல் எடுக்காமல் அதை ஓட்டவே கூடாது.

7. புது டிஸ்க்

பழைய லேப்டாப்பில் 2.5 இன்ச், 7 மிமீ தடிமன் சாட்டா எஸ்எஸ்டி பொருந்தும். 9.5 மிமீ இடம் என்றால் கூட வரும் சட்டத்தை வைத்து மாட்டலாம். எம்.2 என்ற குச்சி வடிவ எஸ்எஸ்டி வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான்: சாட்டா எம்.2, என்விஎம்ஈ எம்.2 இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், சில ஸ்லாட்டுகள் ஒன்றை மட்டுமே ஏற்கும். பழையதைக் கழற்றிக் கடைக்கே கொண்டுபோங்கள், நீளத்தையும் பாருங்கள். 2280 என்றால் 80 மிமீ, 2242 என்றால் 42 மிமீ.

விண்டோஸ் சாவி மறுபடி வாங்க வேண்டியதில்லை. உரிமம் மதர்போர்டோடு இணைந்தது, அதே பதிப்பைப் போட்டால் இன்டர்நெட் வந்ததும் ஆக்டிவேட் ஆகும். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. மெஷினில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் தகுந்த பிராசசரும் இருந்தால் 11-ஐயே போடுங்கள். இன்டெல் 11-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதுமான லேப்டாப்களில் பல, விண்டோஸ் போடும்போது ‘டிஸ்க்கே இல்லை’ என்று சொல்லும். டிஸ்க் கெட்டதல்ல, பயாஸில் ‘விஎம்டி’ என்ற இன்டெலின் ஸ்டோரேஜ் அமைப்பு ஆன் ஆகியிருக்கும். லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து அதற்கான டிரைவரைப் பென் டிரைவில் போட்டு அந்தத் திரையில் கொடுங்கள், அல்லது புதிதாகப் போடுமுன் விஎம்டியை அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கில் மட்டும் அதை அணைக்காதீர்கள், பூட் ஆகாது.

பழைய டிஸ்க்கை அப்படியே புதியதில் நகலெடுத்தவர்கள் (குளோன்), முதல் முறை பூட் செய்யும்போது பழைய டிஸ்க்கைக் கழற்றியே வையுங்கள். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் குழம்பும்.

8. கடை, லேப், வாரன்ட்டி

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ஜாப் ஷீட்டில் இரண்டு விஷயங்களை எழுதச் சொல்லுங்கள்: டிஸ்க்கின் சீரியல் எண், ‘டேட்டா வேண்டும், ஃபார்மேட் செய்யக் கூடாது’ என்ற வரி. டேட்டாவுக்குப் பொறுப்பில்லை என்று படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருப்பது வழக்கம். அதனால் எழுதி வாங்காமல் வாய்ப்பேச்சில் விட்டுவிட வேண்டாம்.

‘டக் டக்’ டிஸ்க்கைத் தெருமுனைக் கடையில் கொடுக்காதீர்கள். அவர்கள் மென்பொருளைப் போட்டு இரவு முழுக்க ஓட்டுவார்கள், அதற்குள் தட்டு தேய்ந்துவிடும். ஹெட் மாற்றுவது தூசியில்லா அறையில் செய்ய வேண்டிய வேலை, செலவு ஐந்து இலக்கத்தில் வரும். அழிந்த ஃபைல், குலைந்த பார்ட்டிஷன் போன்றவற்றுக்கு அதைவிட மிகக் குறைவு. கொடுக்குமுன் கேட்க வேண்டியவை: சோதனைக்கு மட்டும் எவ்வளவு, ஃபைல் வராவிட்டால் கட்டணம் உண்டா, பணம் கட்டுமுன் கிடைத்த ஃபைல்களின் பட்டியலைக் காட்டுவார்களா, ஹெட்டுக்காக வாங்கும் அதே மாடல் டிஸ்க்கின் விலை இதில் சேருமா. ஃபைல்களை வாங்கிக்கொள்ள நீங்களே ஒரு காலி டிஸ்க் கொண்டுபோனால் அந்தச் செலவு மிச்சம்.

வாரன்ட்டிக்கு பில், சீரியல் எண் தெரியும் ஸ்டிக்கரின் படம், சோதனைத் திரையின் படம் ஆகிய மூன்றும் வேண்டும். தயாரிப்பாளரின் தளத்தில் சீரியல் எண்ணைப் போட்டால் எந்தத் தேதி வரை என்று தெரியும். சாதாரண ஹார்ட் டிஸ்க்குகளுக்குப் பெரும்பாலும் 2 ஆண்டு, எஸ்எஸ்டிகளுக்கு 3 அல்லது 5 ஆண்டு. லேப்டாப்போடு வந்த டிஸ்க்குக்கு டிஸ்க் கம்பெனியிடம் போய்ப் பயனில்லை, லேப்டாப் கம்பெனியின் வாரன்ட்டிதான் செல்லும். ஸ்டிக்கர் கிழிந்திருந்தாலோ மூடியின் ஸ்க்ரூ திறந்த தடம் இருந்தாலோ மறுத்துவிடுவார்கள். ஆன்டி-ஸ்டாட்டிக் உறையில் போட்டு, சுற்றிலும் பஞ்சு அல்லது பபிள் ராப் வைத்து அனுப்புங்கள். மாற்று வரச் சில வாரம் ஆகலாம். வருவது வேறு டிஸ்க், பழையது திரும்பாது.

எனவே அனுப்புமுன், இன்னும் எழுத முடிகிற டிஸ்க் என்றால் முழுவதும் அழித்துவிட்டு அனுப்புங்கள். எழுத முடியாத நிலையில், உள்ளே வங்கிக் கணக்கு விவரமோ ஆதார் நகலோ பூட்டில்லாமல் இருந்தால், வாரன்ட்டியை விட்டுவிட்டு டிஸ்க்கை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.